கவ்வாத்துக்கு முன்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடே செல்லும் கலஹா வீதியை அறியாத மாணவர் இலர். ஆயினும், அவ்வீதி எவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றதோ அவ்வூருக்குச் சென்று வந்தோர் அவர்களுள் ஒரு சிலரே. ஹிந்தகலையைக் கடந்த பின்னர் வீதி வளைந்து வளைந்து மேலேறும். வீட்டுத் தோட்டங்கள் குறைந்து தேயிலை தோன்றும். கலஹாவையும் தாண்டித் தெல்தோட்டைப் பக்கமாகச் சென்றால் லூல்கந்துர என்னும் தோட்டத்தை அடையலாம். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் வணிக நோக்குடன் தேயிலையைப் பயிரிட்டது அங்கேதான். அன்று இம்மலைகளில் கோப்பியே செல்வமாகக் கருதப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், 1869 இல், கோப்பி இலைகளில் செந்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பெருந்தோட்டங்கள் அழிந்தொழிந்தன. நோய் முற்றிய பின்னர் மாற முனைந்தோர் பலர். அது தோன்றுமுன்னரே மாற்றுப் பயிரைச் சிறு நிலத்தில் நட்டுப் பார்த்திருந்தோர் மிகச் சிலர். வருமுன் காப்போனுக்கும் வந்தபின் காப்போனுக்கும் உள்ள வேறுபாட்டை இம்மலைகள் அன்றே கண்டிருந்தன.

அதே மலைச் சரிவில், 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்து இரவொன்றில், தோட்டத்து வீடொன்றின் முன்னறையில் இளைஞன் ஒருவன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தான். பேராதனையிற் பொறியியல் பயின்று, கொழும்பு நிறுவனமொன்றிற் பணியேற்றவன் அவன். 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோய் நகரங்களை முடக்கியபோது ஊர் திரும்பியவன், பின்னரும் பெரும்பாலும் ஊரிலிருந்தே வேலை செய்தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவிய காலத்தில் கடன்பட்டு வாங்கிய மின்கலத்தொகுதி மேசைக்கடியில் இருந்தது. வாசற்படியில் அவனுடைய தந்தையார் அமர்ந்திருந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள் கவ்வாத்துக் கத்தி பிடித்து ஓய்வு பெற்றவர் அவர்.

இளைஞனின் நிறுவனம் மருத்துவ நிலையங்களுக்கான முன்பதிவுச் சேவையொன்றை நடத்தி வந்தது. நோயாளர் எந்நாளில், எந்நேரத்தில் வரவேண்டும், பரிசோதனை முடிவு வந்துவிட்டதா, வைத்தியர் வராத நாளில் மாற்றுத் திகதி யாது என்பனவற்றை அச்சேவை குறுஞ்செய்தியாக அனுப்பும். அதனை இயக்கிய மென்பொருட் கூறுகள் பதினான்கும் தனித்தனிக் கொள்கலங்களில் அடைக்கப்பட்டிருந்தன. கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கப்பட்டிருக்கும் இரும்புக் கொள்கலங்களைக் கண்டோர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். உள்ளே இருப்பது எதுவாயினும் வெளி வடிவம் ஒன்றே. ஆதலால் எந்தக் கப்பலிலும் ஏற்றலாம், எந்த லொறியிலும் இறக்கலாம். மென்பொருட் கொள்கலமும் அத்தகையதே. எக்கொள்கலம் எக்கணினியில் இயங்குவது, ஒன்று விழுந்தால் மற்றொன்றை எங்கே எழுப்புவது என்பனவற்றை ஓயாது தீர்மானிக்கும் மேலாளர் ஒருவர் வேண்டும். கூகிள் நிறுவனம் 2014 இல் பொதுவில் வெளியிட்ட குபெர்னெட்டிஸ் என்னும் மென்பொருளே இன்று பல நாடுகளில் அப்பணியைச் செய்கின்றது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு மீகாமன் என்பது பொருள்.

இம்மீகாமன் ஓரிடத்தில் நிற்பவனல்லன். ஆண்டுக்கு மூன்று புதிய பதிப்புகள் வெளிவருகின்றன. ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழப் பதினான்கு மாதங்களுக்கே பராமரிக்கப்படுகின்றது. அதன் பின்னர் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு அப்பதிப்பில் மருந்தில்லை. நிறுவனத்தின் கொத்தோ 1.24 ஆம் பதிப்பில் நின்றது. அமேசான் நிறுவனம் நிருவகித்துத் தரும் கொத்து அது. அப்பதிப்புக்கான வழமையான ஆதரவு 2024 சனவரி 31 உடன் முடிவடைந்திருந்தது. நீடித்த ஆதரவு வேண்டுவோர் ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து மணிக்கு 0.10 டொலருக்குப் பதிலாக 0.60 டொலர் செலுத்த வேண்டும் என்பது அறிவிப்பு. ஆண்டுக் கணக்கில் 876 டொலர் 5,256 டொலராகும். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர், அந்த வேறுபாடு இலங்கைப் பணத்தில் ஏறத்தாழ 13 இலட்சம் ரூபாவாகும். எனவே, ஏப்ரலுக்கு முன்னர் 1.25 க்கு உயர்த்துமாறு நிறுவனம் பணித்தது. மெதின் போயா தினமான மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை, மருத்துவ நிலையங்கள் மூடியிருக்கும் என்பதால் அந்நாள் குறிக்கப்பட்டது.

“நிருவகிக்கப்படும் கொத்து” என்னும் தொடர் பலரை மயக்குவதுண்டு. காசு கொடுத்தாயிற்று, இனி யாவும் அவர்கள் பொறுப்பு என்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. நிருவகிப்போர் தம் பொறுப்பில் ஏற்பது கட்டுப்பாட்டுத் தளத்தை மாத்திரமே. மீகாமனின் மூளையும் நினைவேடும் அதனுள் அடங்கும். ஒரு கட்டளையிட்டால் அதனை அவர்கள் புதிய பதிப்புக்கு உயர்த்தித் தருவர். ஆயினும், பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க இயலாது, 1.24 இலிருந்து 1.25, அதிலிருந்து 1.26 எனப் படிப்படியாகவே ஏற வேண்டும். ஏறிய படியிலிருந்து இறங்குதற்கும் அன்று வழியில்லை. அத்தளத்தின் கீழ் இயங்கும் கணினிகளின் பதிப்பு, பெயர் தேடித் தருவதும் வலையமைப்பை இணைப்பதுமான துணைக்கருவிகளின் பதிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அங்கு இயங்கும் பயனர் மென்பொருளின் தகைமை ஆகிய மூன்றும் பயனரின் பொறுப்பேயாகும்.

இளைஞன் மூன்று வாரங்களுக்கு முன்னரே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கியிருந்தான். முதலாவது வினா, புதிய பதிப்பில் எவையெவை நீக்கப்பட்டுள்ளன என்பது. குபெர்னெட்டிஸுக்கு இடும் ஒவ்வொரு கட்டளையும் ஓர் இடைமுகப் பெயரைத் தாங்கி வரும். சோதனை நிலையிலுள்ள பெயர்கள் காலப்போக்கில் முதிர்ந்த பெயர்களுக்கு இடங்கொடுத்து மறையும். 1.25 ஆம் பதிப்பில் அவ்வாறு மறைந்தவை பல. குறித்த நேரத்தில் தானாக இயங்கும் வேலைகளுக்கான பழைய பெயர் நீங்கியது. இடையூற்று வரம்பு என்று சொல்லத்தக்க ஏற்பாட்டின் பழைய பெயரும் நீங்கியது. பொட் பாதுகாப்புக் கொள்கை என்ற ஏற்பாடோ முழுவதுமாகவே அகற்றப்பட்டது. ஏற்கெனவே கொத்துக்குள் இருக்கும் வேலைகள் பெயர் மாற்றத்தால் மறைந்துவிடா. புதிய பெயரால் அவை தொடர்ந்து கிடைக்கும். ஆனால், பழைய பெயரை எழுதிய கோப்பு அடுத்த முறை அனுப்பப்படும்போது நிராகரிக்கப்படும். உயர்த்தும் நாளன்று யாவும் நலமாகவே தோன்றும்; பத்து நாள் கழித்து, அவசரத் திருத்தமொன்றைச் செய்ய முயலும் நள்ளிரவிலேயே பிழை வெளிப்படும். ஆதலால், கொத்தை மாத்திரமன்றி, கோப்புகள் உறங்கும் களஞ்சியங்கள் அனைத்தையும் அவன் தேடினான். ஒன்பது கோப்புகள் அகப்பட்டன.

அடுத்து, காப்புப்பிரதி உளதா என்பதோடு நில்லாது, அதிலிருந்து உண்மையில் மீட்க இயலுமா என்று செய்து பார்த்தான். கட்டுப்பாட்டுத் தளத்தை உயர்த்தும்போது வலையமைப்பில் ஐந்து முகவரிகள் வரை வெறுமையாக இருத்தல் வேண்டும். அதனையும் எண்ணிப் பார்த்தான். துணைக்கருவிகளின் பொருத்தப் பட்டியலை ஒப்பிட்டான்.

தந்தையார் நெடுநேரம் பார்த்திருந்து கேட்டார்: “எல்லாத்தையும் நிப்பாட்டிப்புட்டா மாத்துவீங்க?”

“இல்லப்பா. ஓட ஓடத்தான் மாத்தணும். புது மெசின் ஒன்ன முதல்ல சேப்போம். பழசுல ஒன்னுக்கு இனி புது வேல குடுக்காதேன்னு வேலி போடுவோம். அதுல இருக்கிறத மெல்ல அடுத்ததுக்கு மாத்திட்டு, வெறுமையானதும் எடுத்துருவோம். பொறகு அடுத்தது.”

“அப்ப நம்ம கவ்வாத்து மாதிரின்னு சொல்லு. எல்லா மலையையும் ஒரே வருசத்துல வெட்டுனா பொம்பளைங்க எங்க போயி கொழுந்து எடுக்குறது?”

அவ்வொப்புமையில் உண்மை இருந்தது. ஒரு தோட்டத்து மலைகள் சில ஆண்டு இடைவெளியில், முறைவைத்துக் கவ்வாத்துச் செய்யப்படுகின்றன. ஒரு மலை வெட்டுண்டு கிடக்கையில் மற்றவை கொழுந்து தரும். ஒரு செடியை எடுத்துக்கொண்டாலும், விளிம்பிலுள்ள சில கிளைகளை இலையோடு விட்டு ஏனையவற்றை வெட்டும் முறையொன்று உண்டு. எஞ்சிய இலைகளின் துணையால் செடி மூச்சுவிட்டுத் தளிர்க்கும். வெட்டுதற்கு முன்னர் வேரில் மாச்சத்துப் போதிய அளவு உளதா என்று அயடீன் கரைசல் இட்டுப் பார்ப்பதும் வழக்கம். வேர் நன்கு கறுத்தால் வெட்டலாம். நிறம் மாறாவிடின் செடியைச் சில வாரம் கொழுந்து எடுக்காது விட வேண்டும். பொருட்படுத்தாது வெட்டினால் செடி பட்டுப்போதலும் கூடும்.

“கத்தி பிடிக்கிறது ஒரு நாள் வேல தம்பி,” என்றார் தந்தையார். “செடி தாங்குமான்னு பாக்குறதுதான் வேல.”

அச்சொற்கள் அன்றிரவே அவனைச் சோதித்தன. பதினான்கு சேவைகளுள் பதின்மூன்று ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக இயங்கின. ஒரு பிரதியை அகற்றினாலும் மற்றொன்று பணியைத் தாங்கும். குறுஞ்செய்திகளை அனுப்பும் சேவை மாத்திரம் ஒற்றைப் பிரதியாக இருந்தது. அத்துடன், எந்நேரமும் ஒரு பிரதியேனும் இயங்க வேண்டும் என்ற இடையூற்று வரம்பும் அதற்கு விதிக்கப்பட்டிருந்தது. ஒன்றே இருக்க, ஒன்றேனும் இருக்க வேண்டுமெனின், அந்த ஒன்றை எவ்வாறு இடம்பெயர்ப்பது? கணினியை வெறுமையாக்கும் கட்டளை அவ்விடத்தில் நின்றுவிடும். பதினைந்து நிமிடம் காத்திருந்து, வெளியேற்ற இயலவில்லை என்ற பிழையோடு உயர்த்தல் முறிந்துவிடும். வலிந்து வெளியேற்றுமாறு ஆணையிடவும் வழியுண்டு; ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாற் போதும். உரிய காலத்தில் வேலையை முடிக்க வேண்டியவனுக்கு அச்சொல் பெரிய சபலமாகும்.

அவன் அச்சேவையின் மூலநிரலைத் திறந்து வாசித்தான். அனுப்ப வேண்டிய செய்திகளை அது கணினியின் நினைவகத்திலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தது. வலிந்து அகற்றினால் வரிசையிலுள்ளவை சுவடின்றி அழியும். அவை எத்தகைய செய்திகள் என்பதை அவன் நன்கறிவான். கலஹாவிலிருந்து கண்டிக்குக் காலை பஸ்ஸில் இறங்கிச் செல்லும் தோட்டத் தொழிலாளி ஒருத்திக்கு அன்று நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. வைத்தியர் வரமாட்டார் என்ற செய்தி வந்து சேராவிடின், அவள் அச்சம்பளத்தை இழந்து, பஸ்கட்டணமும் கொடுத்து, மூடிய கதவைக் கண்டு திரும்புவாள். கொழும்பு அலுவலகத்தின் அறிக்கையில் அது “சில செய்திகள் தவறின” என்ற ஒரு வரியாகவே அமையும்.

அந்நிரலை எழுதியவர் நிறுவனத்தில் இல்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது நாட்டைவிட்டுச் சென்ற பொறியியலாளர் பலருள் அவரும் ஒருவர்; அப்போது மெல்பேர்னில் இருந்தார். இளைஞன் தயங்கித் தயங்கி அழைத்தான்.

“அண்ணா, இத ரெண்டு பிரதியா ஓட விடலாமா?”

“விடாதை தம்பி. ஒரே செய்தி ரெண்டு தரம் போகும். அதுக்காகத்தான் ஒண்டா வைச்சனான்,” என்றார் யாழ்ப்பாணத்தவரான அவர். சற்று மௌனத்தின் பின், “அதை எங்கையாவது எழுதி வைச்சிருக்க வேணும். வெளிக்கிடுற அவசரத்திலை விட்டிட்டன்,” என்றும் சொன்னார்.

பதிப்பை உயர்த்துவதால் நேர்ந்த கேட்டுக்கு அண்மைக் காலச் சான்று உண்டு. 2023 மார்ச் 14 இல் ரெடிட் நிறுவனம் தனது கொத்தொன்றை 1.23 இலிருந்து 1.24 க்கு உயர்த்தியபோது அத்தளம் 314 நிமிடங்கள் முடங்கியது. கட்டுப்பாட்டுக் கணினிகளைக் குறித்து வந்த ‘மாஸ்டர்’ என்ற அடையாளச் சொல் புதிய பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது. அவர்களது வலையமைப்பின் ஒரு கூறு அப்பழைய சொல்லையே தேடிக்கொண்டிருந்தது. முடிவில் காப்புப்பிரதியிலிருந்தே மீட்க நேர்ந்தது. ஒரு சொல் மாறியதால் நேர்ந்த விளைவு அது.

உயர்த்தாமையால் நேர்ந்த கேட்டுக்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகில்கணினிச் சேவை பணயத் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்க இயலாது போயின. அங்கே இயங்கியது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதன் உற்பத்தியாளரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது. 2021 முதல் உயர்த்தத் திட்டமிட்டும் நிதித் தட்டுப்பாடு உள்ளிட்ட காரணங்களால் அது தள்ளிப்போயிற்று என்று பின்னர் கூறப்பட்டது. அஞ்சி நிற்பதும் ஆராயாது பாய்வதும் ஒரே இடத்துக்கே இட்டுச் செல்லும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

இளைஞன் தன் மேலதிகாரிக்கு எழுதினான். வரிசையைத் தரவுத்தளத்துக்கு மாற்றி, ஒரு செய்தியை ஒரு பிரதியே எடுக்குமாறு செய்வதே நிரந்தரத் தீர்வு. அதற்கு ஒரு மாதம் வேண்டும். ஏப்ரலுக்குள் இயலாது. ஆதலால் இம்முறை மாத்திரம் கையால் செய்யும் வழியொன்றைக் கூறினான். புதிய செய்திகள் அச்சேவைக்குள் வருவதை இரவு நிறுத்துவது. வரிசை வெறுமையாகும் வரை காத்திருப்பது. பின்னர் சேவையை முறைப்படி அணைத்து, கணினிகளை மாற்றி, மீண்டும் எழுப்புவது. அணைந்திருக்கும் வேளையில் வரும் செய்திகளை முன்னிலைச் சேவை தேக்கி வைத்திருக்கும். இத்திட்டத்தில் எஞ்சியுள்ள அபாயத்தையும் அவன் மறைக்கவில்லை. ஒத்திகையிற் தோல்வியுற்றால் மார்ச் 24 ஐக் கைவிட வேண்டும்; ஏப்ரல் மாத மேலதிகக் கட்டணத்தை ஏற்க வேண்டும் என்றும் எழுதினான். பதவியில் இளையவன் ஒருவனுக்கு அவ்வரியை எழுதுவது எளிதன்று. மறுமொழி இரண்டு நாள் கழித்தே வந்தது. ஒத்திகையைப் பார்த்த பின் முடிவெடுப்போம் என்றிருந்தது.

சிறிய ஒத்திகைக் கொத்தொன்றை எழுப்பி முதன்முறை செய்து பார்த்தபோது சில செய்திகள் காணாமற் போயின. முன்னிலைச் சேவை ஐந்து நிமிடம் மாத்திரமே தேக்கி வைத்திருந்து, பின்னர் கைவிட்டுவிடுகின்றது என்பது தெரியவந்தது. அதனை இரண்டு மணிநேரமாக உயர்த்தி மீண்டும் செய்தான், ஒன்றும் தவறவில்லை. நம்பிக்கை கொள்ளாது மூன்றாம் முறையும் செய்தான். செய்த ஒவ்வொரு படியையும், ஒவ்வொன்றின் காரணத்தையும் எழுதி வைத்தான். தானும் ஒருநாள் இவ்வூரை விட்டுச் செல்லக்கூடும் என்ற எண்ணம் அவ்வேளையில் அவனுக்கு எழுந்தது. மெல்பேர்னிலிருந்து கேட்ட அந்த மௌனத்தை மற்றொருவன் தன்னிடமிருந்து கேட்க நேரலாகாது என்று அவன் கருதினான்.

போயா தினத்தன்று இரவு, ஒன்பது மணிக்கு அவன் தொடங்கினான். நிலவு மலையின் மேல் நின்றது. வரிசை வெறுமையாக நாற்பது நிமிடம் சென்றது. கட்டுப்பாட்டுத் தளம் உயர்ந்தது, துணைக்கருவிகள் உயர்ந்தன, ஆறு கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. குறுஞ்செய்திச் சேவை மீண்டும் எழுந்தபோது, தேங்கியிருந்த செய்திகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. மறுநாட் காலை அச்செய்திகளைக் கண்டு பஸ் ஏறியோரும், ஏறாது வேலைக்குச் சென்றோரும், இடையில் ஏதும் நிகழ்ந்ததாக அறியார். நன்றாகச் செய்யப்பட்ட ஆயத்தத்துக்கு அவர்கள் அறியாமையே சான்றாகும். கவ்வாத்துச் செய்தவனின் பெயரைக் கொழுந்து எடுப்போர் கேட்பதில்லை அன்றோ!

அதிகாலையில் தேநீர் கொண்டுவந்த தந்தையார், “முடிஞ்சிச்சா?” என்று கேட்டார்.

“இந்த மலை முடிஞ்சிச்சுப்பா. ஏப்ரல் முடியிறதுக்குள்ள அடுத்த மலை.”

அவர் தலையசைத்தார். இளைஞன் குறிப்பேட்டைப் புரட்டி, புதிய பக்கத்தின் தலைப்பில் 1.26 என்று எழுதினான்; அதன் கீழ் முதல் வரியாக, குறுஞ்செய்திச் சேவையின் வரிசையைத் தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று குறித்தான்.